யானை எயிட் நைன்

“எனக்கு எந்த எழுத்துல பேர் வச்சா தடங்கல் இல்லாம வரும்?”

சித்தப்பா இப்படிக் கேட்டது என்னிடம். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அடுத்தது என்ன என்று தெரியாமல், அவர் வீட்டுக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே நான் புரண்டுகொண்டிருந்த காலம் அது. என் கதைக்கே விடை தெரியாதவளிடம் அவர் போய்க் கேட்டார். பெயர் வேண்டியிருந்தது ஒரு விமானத்துக்கு.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். பகல் முழுக்க அடுக்குமாடிகளின் இருட்டுக் குழிகளில் கிரீஸ் கையோடு நிற்பார். சாயங்காலம் வந்து கையைக் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விமானம் ஓட்டுவார். “நாளெல்லாம் மேலயும் கீழயும் போய்ட்டு வர்ற மனுஷன், வீட்டுக்கு வந்தும் மேலயே போறாரு” என்பார் சித்தி. விமானம் ஓட்டும் கைப்பிடியை அவர் சித்தியின் இஸ்திரி மேசையில் திருகி மாட்டியிருந்தார். சித்திக்குத் துணி தேய்க்க வேண்டுமென்றால் விமானம் தரையிறங்கியாக வேண்டும்.

விளையாட்டுத்தான், ஆனால் விளையாட்டாகச் செய்ய முடியாது. எங்கெங்கோ தங்கள் வீடுகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் இணையத்தில் ஒரே வானத்தில் பறக்கிறார்கள். சிலர் விமானிகள். சிலர் கட்டுப்பாட்டு அறையில் இருந்துகொண்டு யார் எப்போது ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று சொல்பவர்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆனால் நிஜ ரேடியோவில் பேசுவது போலவே பேச வேண்டும். ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் தன் விமானத்தின் அழைப்புப் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். சித்தப்பாவுக்குத் திக்கும்.

ப, ட, க மூன்றும் அவருக்கு ஜென்ம விரோதிகள். வீடியோ பாதியில் நின்று சுற்றுவது போல என்று, வேலை செய்யும் இடத்தில் அவருக்கு ‘லோடிங்’ என்று பட்டப்பெயர். அவரும் கூடவே சிரித்துவிடுவார். சித்திக்கு அது பிடிக்காது. ஆனால் சித்தி தன் பங்குக்கு வேறொன்று செய்வார், பாசத்தினால்தான். சித்தப்பா ஒரு வார்த்தையைத் தொடங்கியதுமே இவர் முடித்து வைத்துவிடுவார். ஒருநாள் சித்தப்பா, “ப்… ப்…” என்றார். “பசிக்குதா? பேப்பரா? பணம் வேணுமா?” என்று சித்தி அடுக்கிக்கொண்டே போனார். “பல்லி” என்று அவர் முடிப்பதற்குள் அது திரைச்சீலையிலிருந்து சித்தியின் தோளில் குதித்துவிட்டது.

அதனால் இத்தனை வருஷமும் சித்தப்பா பேசாமலேயே பறந்தார். பேச முடியாதவர்கள் பதிலை டைப் செய்து அனுப்ப அந்த வானத்தில் அனுமதி உண்டு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு, அந்த வானத்தில் அவர் சேர்ந்திருந்த கிளப் பெரிய கூட்டுப் பயணம் ஒன்று வைத்தது. எல்லோரும் ஒரே விமான நிலையத்திலிருந்து வரிசையாகக் கிளம்ப வேண்டும். நெரிசல் அதிகம் என்பதால் அன்றைக்கு வாயால் மட்டும்தான் பேசலாம் என்று அறிவித்துவிட்டார்கள்.

“நீங்க ஓட்டுங்க சித்தப்பா, நான் பக்கத்துல உக்காந்து பேசிடறேன்” என்றேன்.

“வே… வேணாம். நான் ஓட்டுற பிளேனுக்கு நான்தான் பேசணும்.”

அப்படிச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அதற்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிளப் அவருக்குக் கொடுத்திருந்த அழைப்புப் பெயர் ‘டி.பி.’ என்று தொடங்கும். இரண்டு விரோதிகளும் வாசலிலேயே நின்றார்கள். வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம், சின்னதாக இருக்க வேண்டும், இன்னொருவர் வைத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. சாப்பிட உட்கார்ந்தபோது தேர்வு தொடங்கியது.

“பருந்து” என்றேன்.

“ப்…” என்று நின்றார். அந்தப் பேரை அடித்தோம்.

“கழுகு?” கழுகும் பறக்கவில்லை. மேகத்தை யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். மைனா வழுக்கிக்கொண்டு வந்தது, ஆனால் சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. “அத்தனை பெரிய பிளேனுக்கு மைனாவா? கூண்டுல வச்சு ஓட்டுவீங்களா?”

“சரி, பெருசாவே வைப்போம். யானை” என்றேன், கிண்டலுக்கு.

“யானை” என்றார் சித்தப்பா. மறுபடியும் சொன்னார். “யானை. யானை. யானை.” எங்கேயும் தட்டவில்லை. தண்ணீர் குடிப்பது போல உள்ளே போய் வந்தது.

“ஐயோ, யானை எங்கயாவது பறக்குமா?” என்று சித்தி தலையில் கை வைத்தார்.

“ஏன், லிஃப்ட்ல ஏ… ஏத்தினா மேல போகாதா?”

கிளப் செயலாளர் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டு எழுதினார். ‘பெரிய காது உள்ள மிருகம். சொல்வதை நன்றாகக் கேட்கும்’ என்று சித்தப்பா டைப் செய்தார். உடனே அனுமதி வந்துவிட்டது. கூட எண் வேண்டும். அதை ஒவ்வொரு இலக்கமாக ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். டூ ஆகாது. எயிட்டும் நைனும் நல்ல பிள்ளைகளாக வந்தன. யானை எயிட் நைன்.

ஞாயிறு வரை அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். குளிக்கும்போது சொன்னார். ஷூவுக்கு லேஸ் கட்டும்போது சொன்னார். கீழ்வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “உங்க வீட்ல யாராவது மிருகக்காட்சி சாலைல வேலைக்குச் சேர்ந்திருக்காங்களா?” என்று விசாரித்தார்.

அன்றைக்கு மத்தியானம் இஸ்திரி மேசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். சித்தி மடிக்க வேண்டிய துணியோடு கதவருகில். திரையில் விமானங்கள் மூக்கும் வாலுமாக வரிசையில் நின்றன. சித்தப்பா கைப்பிடியில் இருந்த பேசும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“யானை எயிட் நைன், ரெடி.”

கண்ணாடி மாதிரி வந்தது. நான் அவர் முதுகில் தட்டப் போனேன். அதற்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் குரல் பதில் சொன்னது. “யானை எயிட் நைன், ரன்வே டூ டூ.” இருபத்திரண்டாம் எண் ஓடுபாதைக்குப் போ என்று அர்த்தம்.

சித்தப்பாவின் கட்டைவிரல் பொத்தானிலிருந்து விலகியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர்கள் சொல்வதை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், சரியாகக் கேட்டுக்கொண்டார் என்று தெரிவதற்கு. இத்தனை வருஷமும் அவர் செய்ததுதான், ஆனால் டைப் செய்து. விரலுக்கு டூ என்றால் என்ன, நைன் என்றால் என்ன, எல்லாம் ஒன்றுதான். பெயரை மட்டும் வழுவழுப்பாகத் தேடி எடுத்தோமே தவிர, மற்றவர்கள் கொடுக்கப்போகும் எண்களை யாரும் நினைக்கவே இல்லை.

அவர் பொத்தானை அழுத்தினார். “யானை எயிட் நைன், ரன்வே ட்… ட்…”

நின்றுவிட்டது. விரல் மட்டும் பொத்தானிலேயே இருந்தது. சித்தியின் வாய் தானாகத் திறந்தது. சொன்னால் மைக்கில் போய் எல்லோருக்கும் கேட்டுவிடும் என்று ஞாபகம் வந்து, கையிலிருந்த சட்டையையே வாயில் அடைத்துக்கொண்டார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ரேடியோவில் ஒருவர் பொத்தானை அழுத்தியிருக்கும்போது இன்னொருவர் பேசினால் வெறும் இரைச்சல்தான் கேட்கும். அதனால் யாரும் குறுக்கே பேசமாட்டார்கள், அவர் விரலை எடுக்கும்வரை காத்திருப்பார்கள். அத்தனை விமானங்களும் நின்றன. அந்தப் பெண்ணும் காத்திருந்தாள். அவருக்காக வார்த்தையை முடித்து வைக்க அந்த வானத்தில் ஒருவராலும் முடியாது.

“ட்… ட்… டூ டூ.”

விரலை எடுத்தார்.

“யானை எயிட் நைன், கரெக்ட்” என்றது அந்தக் குரல். அவ்வளவுதான். பரிதாபமும் இல்லை, பாராட்டும் இல்லை. அடுத்த விமானத்தைக் கூப்பிடப் போய்விட்டது.

சித்தப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண் பளபளத்தது. “பா… பாத்தீங்களா? நானே முடிச்சேன்.”

அன்றைக்கு அவர் அப்படியொன்றும் சரளமாகப் பேசிவிடவில்லை. நிறைய இடத்தில் திக்கினார். ஒருமுறை பயந்து பாதியில் விரலை எடுத்துவிட, வேறொரு விமானி உள்ளே புகுந்துவிட்டார். அவர் முடிக்கட்டும் என்று இருந்துவிட்டு இவர் மறுபடி அழுத்தினார். கடைசியில் யானை கொஞ்சம் குதித்துத்தான் இறங்கியது, ஆனால் முழுசாக இறங்கியது.

இரவுச் சாப்பாட்டின்போது, “உ…” என்று தொடங்கினார். “உப்பா? ஊறுகா…” என்று சித்தி ஆரம்பித்தார். சித்தப்பா கட்டைவிரலை மேசைமேல் வைத்து, பொத்தானை அழுத்துவது போல அழுத்திக்கொண்டார். சித்தி பாதியில் நிறுத்திவிட்டு, கரண்டியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

“உ… உனக்கு நன்றி” என்றார் சித்தப்பா.

“சாப்பிடுங்க முதல்ல” என்று சித்தி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அங்கே எடுக்க ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது அவர் வேலை செய்யும் இடத்திலும் கட்டைவிரல் அழுந்துகிறதாம். சிலர் புரிந்துகொள்கிறார்கள். சிலர் இன்னும் லோடிங் என்கிறார்கள்.

இந்தக் கதையைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை இன்னொருவருக்குச் சொல்லுங்கள். திக்கிப் பேசுபவரைத் தேடிப் போய்ச் சொல்ல வேண்டாம், இதெல்லாம் அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பாகத்தான், வார்த்தையை முடித்து வைக்கிறாரே, அவரிடம் சொல்லுங்கள்.