கணக்கு இடம் மாறிய ஞாயிறு

மீன்சுருட்டி ஊர்க்காரரான பூமாலை, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவைத் தனியாளாகப் பார்த்துவந்தார். மனைவி சசிகலா மஸ்கட்டில் நர்ஸ். பூமாலை என்ன வேலை செய்கிறார் என்பது ஆலையில் யாருக்கும் தெரியாது. ஏதாவது நின்றுபோனால்தான் தேடுவார்கள்.

சர்வர்களைக் கண்காணிக்க அங்கே ஒரு மென்பொருள் இருந்தது. எந்த சர்வர் எப்போது சூடானது, எப்போது படுத்தது என்பதையெல்லாம் அது, தான் ஓடிய கம்ப்யூட்டருக்குள்ளேயே சேர்த்து வைத்திருந்தது. 2005 மழைக்காலத்தில் அந்தக் கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டு, பல வருட விவரங்கள் போயின. யாரும் கேட்கவில்லை. அவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

புது டிஸ்க் வந்ததும், இனி விவரங்களை வேறொரு கம்ப்யூட்டரிலுள்ள டேட்டாபேஸில் சேமிக்கும்படி மாற்ற, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் கொடுத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. மதியம்வரை மல்லுக்கட்டிய பிறகுதான், அந்தப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமையே தரவில்லை என்பது பிடிபட்டது. உரிமையைக் கொடுத்ததும் முதல் பதிவு போய் விழுந்தது. சிரித்தபடி திரும்பினார். அறையில் ஏசி மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் சசிகலா போன் செய்தாள்.

"இனிமே இந்த மிஷின் போனாலும் வெவரம் போவாது" என்றார்.

"அப்ப முன்னாடி போனது?"

"அது போனதுதான்."

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்குப் புரியாதுன்னு நெனச்சேன்."

"புரியலதான். சொல்லுங்க, கேக்கறேன்."

ஆலை வாசலில் வண்டியில் சாய்ந்து நின்று, அவர் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.