ஆமி பெரியசாமி அறைந்த அறை

பெரியசாமி அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகள் கலா தொலைபேசியில் சொன்னபோது என் வாயில் முதலில் வந்தது "ஐயோ" அல்ல. "பழுது பார்க்கக் குடுத்த என் கிரைண்டர்?" என்று கேட்டுவிட்டேன். நகைச்சுவை எழுதிப் பிழைக்கிறவனின் நாக்கு அப்படி. கலா கோபிக்கவில்லை. அந்த அப்பனோடு வாழ்ந்தவள், இதைவிட மோசமானதையெல்லாம் கேட்டிருப்பாள். "எடுத்து வச்சிருக்கு சித்தப்பா. சாவுக்கு வர்றப்ப எடுத்துக்கங்க" என்றாள். போனேன். கிரைண்டரில் அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு கட்டியிருந்தது: "இதில் பழுது இல்லை. சொந்தக்காரரைக் கொண்டு வரவும்."

அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தான் இந்த அஞ்சலியை வாசிக்கிறீர்கள் என்று தெரியும். வேறு யாரும் அவருக்குப் பழக்கமில்லை.

இலங்கை மலையகத்தில் ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் மாட்டுப்பட்டியில் வளர்ந்தவர். இளவயதில் சில வருடம் ராணுவப் பட்டறையில் லாரி பழுது பார்த்தார். திரும்பி வந்து முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். யுத்த காலத்தில் 'ஆமி', அதாவது ராணுவக்காரன், என்ற பட்டத்தை ஊர் அன்பினால் வைக்கவில்லை. அவர் நுழைந்தால் தேநீர்க் கடையில் பேச்சு நின்றுவிடும். அதை அவர் ரசித்தார் என்றே நினைக்கிறேன்.

ஒருநாள் தேயிலை உலர்த்தும் இயந்திரம் நின்றுவிட்டது. தோட்டத்தை நடத்தும் துரை அவர் தலைக்கு மேல் நின்று எவ்வளவு நேரமாகும் என்று நச்சரித்தார். "மாடு கன்னு போடுறதப் பார்த்து வளந்தவன் நான், தொரை. அது வர்றப்பத்தான் வரும். நீங்க போயி வெந்நி வைங்க."

புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி பழைய ரேடியோவைக் கொண்டுவந்தாள். "இதுக்கு உசிரு குடுக்கிறதவிட ஒம் புருஷனக் கூட்டிட்டு வர்றது லேசு" என்றார். அவள் ஒரு வாரம் அழுதாள். ரேடியோ மறுநாளே பாடியது.

இனி என் கதை. அதே யுத்த காலம், எனக்கு இருபத்து நான்கு வயது. ஒரு சுற்றிவளைப்பில் எங்கள் ஏழு பேரைப் பிடித்து ஒரு காவல் நிலையத்தில் அடைத்தார்கள். எந்த நிலையம் என்பது வேண்டாம். மறுநாள் கொழும்புக்கு லாரி ஏற்றப் போவதாகப் பேச்சு. ஏறினால் எப்போது திரும்புவோம் என்று யாருக்கும் தெரியாது. அன்று காலை அண்ணன் ஸ்பேனர் பெட்டியோடு வந்தார். அந்தப் பெட்டி இல்லாமல் அவர் கல்யாண வீட்டுக்கும் போனதில்லை. பொறுப்பதிகாரியோடு கட்டடத்தின் பின்பக்கம் போனார். எனக்காக வாதாடுகிறார் என்று புரிந்துகொண்டேன். ஒரு மணி நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள்.

என்னைப் பார்த்து விரலை நீட்டினார். எழுந்தேன். இடது கன்னத்தில் ஓர் அறை.

"ஒங்கம்மா ஊரெல்லாம் தேடுது. நீ இங்க வந்து குந்திக்கிட்டு இருக்கியா, நாயே."

என் அம்மா இறந்து நான்கு வருடமாகியிருந்தது.

மற்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. அவர்களில் கடைசி ஆள் வீடு வந்துசேர ஒன்றரை வருடமானது.

"ஏண்ணே, என்னை மட்டும்?" என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன்.

"வாய மூடிக்கிட்டு நட."

அவர் சொல்லாத பதிலை நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஏழு பேரில் உயர்தரப் பரீட்சை பாஸானவன் நான் ஒருவன்தான். எழுதப் பிறந்தவன் என்று கண்டுகொண்டார். மேடைகளிலும் இதைச் சொல்லியிருக்கிறேன். என் கட்டுரையை ஒரே ஒருமுறை வாசித்தவர், "இத எழுதின பேனாவக் கொண்டா, என்ன கோளாறுன்னு பார்ப்போம்" என்றார். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அறைதான். ஏழு பேரில் என்னை மதித்து அறைந்தார் என்ற பெருமையோடு அதை வைத்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதி, பிழை இருந்தால் சொல் என்று கலாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"எல்லாம் சரிதான் சித்தப்பா. அப்பா அன்னைக்கு ஸ்டேஷன்ல கெட்டுப்போன ஜெனரேட்டரப் பார்க்கத்தான் போனாரு. கூலி வேணாம், ஒரு ஆள விடுங்கன்னு கேட்டாராம். எந்த ஆளுன்னு கேட்டிருக்காங்க. கதவுக்குக் கிட்ட இருக்கிறவன்னு சொன்னாராம்."