சின்ன பாய் படித்த கடிதம்

போன வாரம் கள்ளக்குறிச்சி சலூன் ஒன்றில், முகத்தில் பாதி சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தேன். சுவரிலிருந்த டிவியில் கோட்டு போட்ட ஒருவர், நாட்டுக்கு ஒரே ஆட்சிமொழி வந்துவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும் என்று முழங்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எந்த எல்லாருக்கும் ஐயா என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். சலூன்காரர் கத்தியை விலக்கிக்கொண்டு சிரித்தார்.

"ஆடாதீங்க பாய், கீறிக்கப் போவுது. உங்களுக்கு இன்னா கவலை? உங்களுக்குத்தான் இந்தி தெரியுமே!"

இதே வார்த்தையை இருபத்து மூன்று வயதில் கேட்டுக் கெட்டுப்போனவன் நான். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஷேவ் முடிந்து படிகாரக் கல்லைத் தேய்த்தார். உதட்டோரம் பட்ட அந்தத் துவர்ப்பு என்னை நேராக எங்கள் மண்டிக்குக் கொண்டுபோய்விட்டது. அப்பாவுக்குக் கடுக்காய், புளி மண்டி. கல்வராயன் மலையிலிருந்து ஜனங்கள் மூட்டையோடு இறங்கி வருவார்கள். எடை போட்டு முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப மாட்டார்கள். மடியிலிருந்து ஒரு காகிதம் வெளியே வரும். பள்ளிக்கூடத்து நோட்டீஸோ கோர்ட்டு சம்மனோ, எது வந்தாலும் எங்கள் மண்டியில்தான் படிக்கக் கொடுப்பார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தராசுப் பக்கத்தில் நின்றே சத்தமாகப் படிப்பார். லஞ்சம் வாங்காத தாலுகா ஆபீஸ் என்று நான் கேலி செய்வேன்.

நாங்கள் வீட்டில் உருது பேசுகிறவர்கள். இந்திப் படம் வந்தால் வசனம் புரியும். நண்பர்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளன். கதாநாயகி சொல்லாததையும் சேர்த்துச் சொல்வேன். காதால் கேட்டால் புரியும், அவ்வளவுதான். இந்தி எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் பாய்க்கு இந்தி வரும் என்று ஊரே சொல்லும்போது, இல்லை என்று சொல்ல எவனுக்கு மனசு வரும்?

அப்பா வெளியூர் போயிருந்த ஒரு நாள் சின்னப்பொண்ணு வந்தாள். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர்; என் வயதுதான் இருக்கும். அவள் கணவர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே வேலைக்குப் போயிருந்தார். வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. மேலே முகவரி இங்கிலீஷில். உள்ளே முழுக்க இந்தி, கீழே ஒரு வட்ட முத்திரை.

"தபால்காரருக்கே புரியலங்க சின்ன பாய். நீங்க படிச்சுச் சொல்லுங்க," என்றாள்.

"அவருக்குத்தான் இந்தி தெரியுமே!" என்றார் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்.

பத்துப் பேர் என் வாயைப் பார்த்தார்கள். தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ரிக் வண்டி முதலாளிகள் எப்போதாவது வேலைக்காரர்களின் வீட்டுக்குக் கடிதம் போடுவதுண்டு. இதுவும் அதுதான் என்று நானாக முடிவு கட்டினேன். வரிமேல் விரலை ஓட்டி, படிக்கிற மாதிரி தலையை ஆட்டினேன்.

"கம்பெனி லெட்டர்மா. உங்க வூட்டுக்காரர் நல்லா கீறாராம். வேலை ஜாஸ்தியாம், முடிச்சிட்டு வந்துடுவாராம்."

அவளுக்கு ஒரே சந்தோஷம். மடியிலிருந்து நாலு நெல்லிக்காயை எடுத்துக் கொடுத்தாள். வெட்கமில்லாமல் வாங்கித் தின்றேன்.

மூன்று மாதம் ஆகியும் ஆள் வரவில்லை. எலவனாசூர்கோட்டையில் பட்டாளத்திலிருந்து திரும்பிய ஒருவர் இந்தி படிப்பார் என்று கேள்விப்பட்டு, கடிதத்தை அவரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அது எங்கோ ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது. அடிபட்டுப் பேச்சில்லாமல் கிடக்கிறார், பையிலிருந்த வாக்காளர் அட்டையைப் பார்த்து எழுதுகிறோம், சொந்தக்காரர் யாராவது உடனே வாருங்கள் என்று இருந்தது. பட்டாளத்துக்காரர் அவளுக்காக இந்தியிலேயே பதில் போட்டார். ஆள் இறந்துவிட்டார், யாரும் வராததால் அடக்கம் செய்துவிட்டோம் என்று மறு கடிதம் வந்தது.

அந்த முதல் கடிதத்தை எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த மொழியில் எழுதியிருக்கிறார். என் கோபமெல்லாம் அந்தக் கோட்டுக்காரர்மேல். சர்க்கார் பேசுவது புரியவில்லை என்றால் ஜனங்கள்தான் மாற வேண்டுமாம்! புருஷன் பிழைத்துக் கிடக்கிறாரா என்று தெரிந்துகொள்ள, மலைமேல் ஒருத்தி இந்தி படித்துவிட்டு வர வேண்டுமா? நாட்டுக்கு எத்தனை ஆட்சிமொழி வேண்டும் என்று என்னைக் கேட்டால், கடிதத்தைப் பிரிக்கிறவர்கள் எத்தனை மொழி பேசுகிறார்களோ அத்தனை என்பேன். செலவாகும் என்பார்கள். ஆகட்டுமே! அதைவிடப் பெரிய கோபம் என்மேல்தான். தெரியாத மொழியைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதைக் கௌரவம் என்று நினைத்தேனே, என்னை எதால் அடிப்பது?

சின்னப்பொண்ணு அதன்பிறகு ஒரே ஒரு முறை மண்டிக்கு வந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"தெரியலன்னு சொல்லியிருந்தா வேற யாரையாச்சும் கேட்டிருப்பேனே, சின்ன பாய்."

அவள் ஊரிலிருந்து அப்புறம் கடுக்காய் மட்டும் வந்தது, காகிதம் வரவில்லை. பிறகு கடுக்காயும் நின்றது. அப்பாவும் போய்விட்டார். மண்டி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எந்த மொழி எழுத்தாக இருந்தாலும் போனைக் காட்டினால் படித்துச் சொல்லிவிடும் என்கிறார் கடைக்காரர். சொல்லட்டும். அந்த மறு கடிதத்தில் அடக்கம் செய்த இடத்தை எழுதவில்லை. பட்டாளத்துக்காரர் இரண்டு முறை கேட்டு எழுதியும் பதில் இல்லை. கணவரை எந்த மண்ணில் போட்டார்கள் என்று சின்னப்பொண்ணுக்கு இன்றுவரை தெரியாது.