ஒற்றைக் கம்மல் இளவரசி

போன மாதம் என் மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு கதைப் புத்தகம் கொண்டு வந்தாள். பழைய கதையைப் புதுக் காலத்துக்கு மாற்றி எழுதியதாம். விழாவுக்குப் போன இளவரசி கம்மலைத் தொலைத்துவிடுகிறாள். பிறகு அவளே குதிரை ஏறிப் போய் அதை மீட்டு வருகிறாள். நன்றாக இருக்கிறதே என்றேன். மகள் தோளைக் குலுக்கினாள். "அவ கம்மல், அவதானே போய் எடுக்கணும்? இதுல என்னம்மா இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கதையின் பழைய வடிவத்தை நம்பி ஒன்பது வயதில் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். அதை இதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் சிற்றூரான பாலோவில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் கடைசித் தங்கையான அத்தை. தாத்தா பாட்டி போன பிறகு அத்தைக்கு எல்லாம் அப்பாதான். இரவுச் சந்தையில் அந்தப் புத்தகத்தை எனக்கு வாங்கித் தந்ததும் அத்தைதான். அதில் இளவரசி தொலைத்த கம்மலை ஒரு இளவரசன் கண்டெடுத்து, ஏழு நாடு தாண்டி அவளைத் தேடி வருவான். எனக்கு அது மனப்பாடம். அத்தை வாசித்தால் மட்டும் கதை வேறு மாதிரி முடியும். மிச்சமிருந்த ஒற்றைக் கம்மலை விற்று, இளவரசி பஸ் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். நான் கத்துவேன், அது கதையே இல்லை என்று. "ஏன்டி, ராஜகுமாரி பஸ்ல போகக்கூடாதா?" என்று அத்தை சிரிப்பாள்.

டிப்ளோமா முடித்து இரண்டு வருடம் அலைந்து, மூன்று இன்டர்வியூ போய், அத்தைக்கு சிங்கப்பூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஜோகூர் பாருவில் தோழியோடு அறை எடுத்தாகிவிட்டது. திங்கட்கிழமை காலை நேரில் போய் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை அத்தை சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் பாடமாகியிருந்தது. எனக்கும்தான்.

அந்த நேரம் பார்த்து பத்து பாகாட் என்ற ஊரிலிருந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளைக்குச் சொந்தமாக இரண்டு லாரி. அத்தை வேண்டாம் என்றாள். அப்பா கெஞ்சுகிற மாதிரிப் பேசினார். "வராதீங்கன்னு சொன்னா மரியாத இல்லம்மா. ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போகட்டும். புடிக்கலன்னா விட்டுடலாம்." அந்த ஒரு வார்த்தையை நம்பி அத்தை சேலை கட்டச் சம்மதித்தாள்.

ஞாயிறு காலை வேனில் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை நல்ல உயரம், வெள்ளைச் சட்டை. என் புத்தகத்து இளவரசனுக்கு மீசை கிடையாது, இவருக்கு இருந்தது. போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். அத்தை தேநீர்த் தட்டோடு வந்தாள், கொடுத்தாள், போய்விட்டாள். நான் அவள் நடந்த வழியெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்மல் விழவில்லை. ஒரு ஊக்கு, ஒரு மல்லிகைப்பூ கூட விழவில்லை. எனக்கு ஒரே கவலை. எதையாவது தொலைத்தால்தானே அவன் தேடி வருவான்?

அத்தை சமையலறையில் அம்மாவோடு இருந்தாள். நான் அவள் அறைக்குள் போனேன். மறுநாள் பயணத்துக்குக் கட்டி வைத்த பை கட்டில்மேல் இருந்தது. அதன் வெளிப்பையில் சிவப்புப் பாஸ்போர்ட். திறந்து பார்த்தால் அத்தையின் படம். கம்மலைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். படம் இருப்பதால் இளவரசனுக்கு ஆள் மாறிப் போகாது. என் புத்தியை இன்றைக்கும் எதால் அடிப்பது என்று தெரியவில்லை.

வாசலில் அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையிடம் நீட்டினேன். "இது அத்தையோடது மாமா. நீங்க வச்சிருந்து, அப்புறம் கொண்டு வந்து குடுங்க." எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா ஆச்சரியத்தோடு என் கன்னத்தைக் கிள்ளி, "அலமாக், பாப்பாவே சம்மதம் சொல்லிருச்சு லா" என்றார். மாப்பிள்ளை அதைப் பிரித்துப் படத்தைப் பார்த்தார், மூடினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

என் அம்மா மட்டும் பதறி ஓடி வந்தார். "தம்பி, அத குடுத்துருங்க. நாளைக்கு அவ சிங்கப்பூர் போகணும்." மாப்பிள்ளை அவரைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "அவசரம் என்னண்ணே? பரிசம் போடுற அன்னைக்கு நானே கொண்டாந்து அவங்க கையில குடுக்குறேன்."

அப்பா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கையை நீட்டியிருந்தால் போதும். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அத்தை வெறுங்காலோடு வாசல் கேட்டுக்கு ஓடி வந்தபோது வேன் முனை திரும்பிவிட்டது.

போன் பண்ணிக் கேள் என்று அத்தை அப்பாவிடம் மன்றாடினாள். இப்போதே கேட்டால் தப்பாக நினைப்பார்கள் என்றார் அப்பா. புதுப் பாஸ்போர்ட் எடுப்பதென்றால் போலீஸ் புகார், குடிநுழைவு அலுவலகம் என்று நாள் கணக்கில் ஆகும். அத்தை சேலையைக்கூட மாற்றாமல் பஸ் ஏறி, குளுவாங்கில் மாறி, பத்து பாகாட்டுக்குத் தனியாகப் போனாள். அவளுடைய பொருள், அவளே எடுக்கப் போனாள்.

பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். தலையில் புதுப் பூ, நெற்றியில் புதுக் குங்குமம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பாஸ்போர்ட் இல்லை. மாப்பிள்ளை லாரியோடு வெளியூர் போய்விட்டாராம். அலமாரிச் சாவி அவரிடமாம். வாசலில் நின்று கேட்ட அத்தையை மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்து, சாமி அறையில் உட்கார வைத்து, பூ வைத்து, அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார். பெண்ணே வீடு தேடி வந்துவிட்டது என்று. அத்தை வீடு வருமுன்பே அந்தச் செய்தி போனில் வந்துவிட்டது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி, "பரிசம் போடாம அந்த வீட்டுப் படி ஏறிட்ட. இனிமே நான் எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?" என்றார். உண்மையிலேயே அதற்கு விடை தெரியாதவர் போலத்தான் கேட்டார்.

அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினார். அத்தை அழுதாள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் இளவரசியின் கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் வரைந்திருக்கும், ஆனந்தக் கண்ணீர். ஆகவே எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

பரிசத்தன்று மாப்பிள்ளை பாஸ்போர்ட்டைக் கொண்டுவர மறந்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அது அந்த வீட்டு இரும்பு அலமாரியில் நிலப்பத்திரங்களோடு இருந்தது. அத்தையின் கைக்கு வந்தபோது காலாவதியாகியிருந்தது. மாமா கெட்டவர் இல்லை என்றுதான் இன்றுவரை எல்லாரும் சொல்கிறார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை, சிங்கப்பூரில் போய் நின்றிருக்க வேண்டிய நேரத்தில், அத்தை கட்டிய பையை அவிழ்க்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டவில்லை. அடித்திருந்தால் தேவலை. கூப்பிட்டு, அந்தக் கம்மல் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள்.

"இந்த ராஜகுமாரன் கம்மல எந்தப் பக்கத்துலடி திருப்பிக் குடுக்குறான்?"

எனக்கா தெரியாது? சட்டென்று புரட்டினேன். அவன் கம்மலைக் கண்டெடுக்கும் பக்கம் இருந்தது. ஏழு நாடு தாண்டும் பக்கங்கள் இருந்தன. அதற்கு அடுத்தது கல்யாணம். இளவரசி பக்கவாட்டில் திரும்பி நிற்கிறாள், ஒரு காதுதான் தெரிகிறது, அதில் கம்மல் இல்லை. மறுபடி முதலிலிருந்து புரட்டினேன். அத்தை காத்துக்கொண்டிருந்தாள்.

பின் கழன்ற பழைய புத்தகம். அந்தப் பக்கம் எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்து, கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன்.