குறட்டை எண்டு நினைச்சது

அதைத்தானே சொல்லக் கோல் எடுத்தனான், பிள்ளை. எங்கட அத்தான் போன கிழமை தலை சுத்திக் கதிரையால சரிஞ்சிட்டார். பிறகு பெரிய குறட்டை. களைப்பில நித்திரையாக்கும் எண்டு நான்தான் தலைக்கு ரெண்டு தலையணை வச்சன். அக்கா சோடா உடைச்சு வாயில ஊத்தப் போனா.

மேல் வீட்டு நர்ஸ் பிள்ளை அந்தச் சத்தம் கேட்டு ஓடிவந்து தலையணையை இழுத்தெறிஞ்சாள். "ஊத்தாதேங்கோ! இது குறட்டை இல்லை அம்மம்மா, நாக்கு விழுந்து மூச்சை அடைக்குது!" எண்டு சொல்லி, நெத்தியைப் பின்னுக்குச் சரிச்சு தாடையை மேல தூக்கினாள். உடன மூச்சு வந்துது. ஆம்புலன்ஸ் வருமட்டும் கையை எடுக்கேல்லை.

மனுசன் பிழைச்சிட்டார், எனக்குச் சரியான சந்தோசம். ஆனா அக்கா, சோடா உடைச்ச சத்தத்திலதான் எழும்பினவராம் எண்டு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரியிறா. அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கேல்லை. நான் தலையணை வச்சதை மட்டும் அவ மறக்கேல்லை.

ஐயோ, சோறு பொங்கி ஊத்துது, பொறுங்கோ!