அடையாளம் போடாத மூட்டை

மூன்று மாதம் இருக்கும். வெளுக்க வந்த ஒரு மூட்டையைப் பிரித்தேன். உள்ளே என் மனைவியின் சேலை இருந்தது.

டோபி வீட்டுச் சேலை டோபிக்கே வெளுக்க வருமா? வந்தது. அரக்கு நிறம். முந்தானையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்பு. யாரோ கூப்பிட்டார்கள் என்று திரும்பிய நேரத்தில் இஸ்திரிப் பெட்டியால் நானே சுட்டது. அதற்காக ஒரு வாரம் திட்டு வாங்கினேன். அந்தப் பழுப்பை எனக்குத் தெரியாதா?

அன்றிலிருந்து பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் மழையைப் பற்றி எழுதினேன். சவுக்காரத்தைப் பற்றி எழுதினேன். மனதில் ஓடியது என்னவோ இதுதான். இப்போதுதான் எழுத வருகிறது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. அங்கே ஒரு கூட்டம் கூடுகிறது. அவர்கள் பெயர் வைத்துக்கொள்ளவில்லை. ஊர்தான் வைத்தது — சுவர்க் கூட்டம். ஏனென்றால் அங்கே சாமி படம் கிடையாது, விளக்கு கிடையாது. சுண்ணாம்பு அடித்த வெறும் சுவர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருபது, முப்பது பேர் அதைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். பிறகு கஞ்சி. குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அவ்வளவுதான்.

ஏழெட்டுப் பேர் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறார்கள். அவர்கள் மூட்டைதான் என்னிடம் வந்தது. கொண்டுவந்தவர் ஒன்று சொன்னார்.

“அண்ணே, எதுலயும் அடையாளம் போட்டுராதீங்க.”

எங்கள் தொழிலில் அடையாளம் போடாமல் முடியாது. சேராங்கொட்டைச் சாற்றைத் தொட்டு, துணி மூலையில் ஒரு புள்ளி, ஒரு கோடு. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்கு இரண்டு கோடு. டிரைவர் வீட்டுக்கு ஒரு வட்டம். இல்லாவிட்டால் யார் வேட்டி யார் இடுப்புக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

“மாறிப் போனா என்னைக் கேக்கக் கூடாது” என்றேன்.

“மாறுறதுக்கு என்னண்ணே இருக்கு? எல்லாம் எல்லாருக்கும்தான்.”

அந்த மூட்டையில்தான் சேலை.

வீட்டுக்குப் போய் அதை அஞ்சலை முன்னால் விரித்தேன். அஞ்சலை என் மனைவி. நாலு மாதமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“இது யாருது?”

“ரத்தினம் அக்காவுது.”

“உன்னுதில்ல?”

“என்னுதாத்தான் இருந்துச்சு. குடுத்துட்டேன். அந்தக்காவுக்கு இருந்தது ஒரே வெள்ளைச் சேலை. அதுவும் கிழிசல்.”

ரத்தினம் தண்டவாளத்துக்குக் கல் கொட்டும் வேலை பார்த்தவள். விதவை. பிள்ளை குட்டி இல்லை. சுவர்க் கூட்டத்து வீட்டிலேயே தங்கிவிட்டவள்.

“புருஷன் போனவ அரக்குச் சேலை கட்டலாமா?”

“ஐயா கட்டலாம்னாரு.”

“யாரு, அந்தச் சுவத்து ஐயாவா?”

“ஏன், நீ சொல்லேன் கட்டக்கூடாதுன்னு. எங்க, சொல்லு பாப்போம்!”

கட்டட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனாலும்... என்னைக் கேட்காமல் ஒரு சேலை போயிருக்கிறது. அடுத்து என்ன போகும்?

அஞ்சலை ஏன் அங்கே போக ஆரம்பித்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆடி மாதம் கோயிலுக்குக் கற்பூரத் தட்டோடு போனாள். கமிட்டிக்காரர் வேலாயுதம் பார்த்துவிட்டார். “தட்டக் கீழ வெச்சுட்டுத் தள்ளி நில்லும்மா. எடுத்துக்குவாங்க” என்றார். கூட்டத்துக்கு நடுவே. சாமிக்குச் சாத்தியிருந்த துணி அவள் கையால் அலசியது. வேலாயுதம் இடுப்பில் இருந்த வேட்டியும்தான். அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அதற்குப் பிறகு கோயில் பக்கம் போகவில்லை.

சுவர்க் கூட்டத்தில் முதல் நாளே முன்வரிசையில் உட்கார்ந்தாளாம். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தாள். வைக்கும்போது பாடினாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் — அவள் பாடி அன்றுதான் கேட்டேன்.

வேலாயுதம் துணி வாங்க வந்தார்.

“என்னப்பா, உன் சம்சாரம் அந்தச் சுவத்துக் கூட்டத்துக்குப் போகுதாமே?”

“போகுதுங்க.”

“அது வசியக் கூட்டம்ப்பா. கஞ்சில மருந்து கலக்குறானுங்க.”

“அவ நல்லாத்தான இருக்கா. சிரிச்சுப் பேசுறா.”

“அதான்யா மருந்து!”

சிரித்தால் மருந்து. அழுதாலும் மருந்து என்பார்.

“தலைவன் சொன்னா ஏன் எதுக்குன்னு கேக்காம செய்யிறானுங்க பாரு, அங்கதான் இருக்கு விஷயம்” என்றார். கோயிலில் ஏன் எதற்கு என்று யார் கேட்கிறோம் என்று நினைத்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கொடுத்தேன்.

எனக்குப் பழைய நினைப்பு ஒன்று வந்தது. ஒரு தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொண்டு பத்துமலை முருகன் கோயிலுக்குப் போனேன். அப்போது ஒரு துரை வீட்டுக்கு வெளுத்துக்கொண்டிருந்தேன். துரைசானி காரில் இருந்தபடியே என்னைப் பார்த்துவிட்டாள். கன்னத்தில் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வந்த வேல். மறுவாரம் போனால் மூட்டை வாசலுக்கு வெளியே கிடக்கிறது. சமையல்காரர் ஜன்னலைத் திறந்து பேசினார். “மேம் பயப்படுறாங்க லா. நீ என்ன கூட்டத்து ஆளுன்னு கேக்குறாங்க.”

என்ன கூட்டம்? டோபிக் கூட்டம்!

புதிதாகப் பார்க்கிறவனுக்கு எந்தக் கூட்டமும் பயம்தான் போலிருக்கிறது. அப்படியென்றால் இப்போது நான்தான் துரைசானியா?

நேரில் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை வெளுத்த மூட்டையை நானே தூக்கிக்கொண்டு போனேன். பிரித்து வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். யார் முதலில் எடுக்கிறார், யார் நல்லதை எடுக்கிறார் — அதைப் பார்த்தால் போதும் என்று ஒரு கணக்கு.

எல்லாரும் எடுத்தார்கள். ஐயா என்கிறவர் கடைசியில் வந்தார். ஒல்லி. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியவராம். மிச்சம் இருந்தது தோள் கிழிந்த ஒரு பனியன். அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். தான் குடித்த தகரக் குவளையிலேயே எனக்கும் கஞ்சி ஊற்றினார்.

“உக்காருங்க தம்பி.”

உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தது நன்றாக இருந்தது. ஆற்றில் நின்று நின்று மரத்துப்போன கால் அன்று என் கால் மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன்?

கெட்டவன் கிழிசலை எடுப்பானா? அல்லது... நான் பார்க்கிறேன் என்று எடுத்தாரா? அப்படியும் தோன்றியது. தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது.

கஞ்சி முடிந்ததும் ஐயா ஒன்று சொன்னார். கிள்ளானில், கடலோரம், அவர்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறது. ஐந்து பெண்கள் அங்கே போய் ஒரு மண்டலம் தங்கப் போகிறார்கள். நாற்பத்தெட்டு நாள். யாரும் வந்து பார்க்கக் கூடாது. கடிதம் கூடாது. வீட்டைப் பற்றிப் பேச்சும் கூடாது. ஐந்து பெயர் சொன்னார். ரத்தினம் பெயர் இருந்தது. அஞ்சலை பெயரும் இருந்தது.

எல்லாரும் போகும் வரை காத்திருந்து கேட்டேன்.

“வாரத்துக்கு ஒருக்கா நான் வந்து பாக்கலாமாய்யா?”

“வேணாம் தம்பி. மனசு கலங்கும்.”

“துணி எடுக்க வர்றேன். மூட்டைய அவ கையில குடுத்துட்டு, அழுக்க வாங்கிட்டுப் போயிர்றேன். பேச மாட்டேன்.”

“அங்க அவங்களே தொவச்சுக்குவாங்க.”

“நடுவுல அவளுக்கு வீட்டுக்கு வரணும்னு தோணுனா?”

சிரித்தார். நல்ல சிரிப்புதான்.

“தோணாது” என்றார்.

வரலாம் என்று சொல்லவில்லை. வரக்கூடாது என்றும் சொல்லவில்லை. தோணாது! இரண்டு நாள் துவைகல்லில் துணியோடு சேர்த்து அந்தச் சொல்லையும் அடித்தேன். வெளுக்கவில்லை. வீட்டு நினைப்பே வராமல் இருப்பது பெரிய ஞானமாக இருக்கலாம். எனக்கு என்ன தெரியும், மூன்றாம் வகுப்பு. ஆனால் என் மனைவிக்கு என்ன தோன்றும், என்ன தோன்றாது என்று இன்னொரு ஆள் முன்கூட்டியே சொல்கிறாரே... அது எப்படி?

போகாதே என்று சொல்லிவிடலாம். நீங்கள் என்றால் சொல்லியிருப்பீர்கள். ஒருவர் அவளைத் தள்ளி நில் என்றார். நான் போகாதே என்றால் அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதனால் நடந்ததை மட்டும் சொன்னேன்.

“திரும்பி வரணும்னு தோணுனா என்ன செய்யிறதுன்னு கேட்டேன். தோணாதுன்னாரு.”

“நல்லதுதான?” என்றாள். ஆனால் மடித்த வெற்றிலை வாய்க்குப் போகவில்லை. கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை காலை. கோலாலம்பூர் ஸ்டேஷன். அவள் மூட்டையை நான்தான் தூக்கி வந்தேன். பிளாட்பாரத்தில் ஐயா நின்றார். மற்ற நாலு பெண்களும் நின்றார்கள். ரத்தினம் அரக்குச் சேலையில் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். ஐயா ஆளுக்கொரு டிக்கெட் கொடுத்தார். அஞ்சலை கையை நீட்டவில்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

“கேளு தாயி.”

“பத்து நாள்ல எனக்கு வீட்டுக்குப் போகணும்னு தோணிச்சுன்னா அனுப்பி வெப்பீங்களா?”

“தோணாது தாயி.”

“தோணுனா?”

“தோணாது.”

“இப்பவே தோணுதேய்யா!”

ரத்தினம் களுக்கென்று சிரித்துவிட்டாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயா கோபப்படவில்லை.

“அப்ப வீட்டுக்குப் போ தாயி” என்றார். டிக்கெட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நாலு பேரும் ஏறினார்கள். ரெயில் போய்விட்டது.

விட்டுவிட்டார்! பிடித்து வைக்கவில்லை, பயம் காட்டவில்லை. கெட்ட கூட்டம் என்றால் விடுமா? எனக்கு இன்னும் குழம்பியது.

திரும்பி நடந்தோம். பாதி வழியில் நின்றாள்.

“நீ ஏன்யா போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா?”

“போயிருப்பேன்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் பேசவில்லை. பாட்டு போய்விட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தால் வாசலில் நிற்பாள். கோயிலுக்கும் போவதில்லை, சுவருக்கும் போவதில்லை. நான் அவளைக் காப்பாற்றினேனா, கெடுத்தேனா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒவ்வொரு பதில் வருகிறது.

வேலாயுதம் வந்தார். “தப்பிச்சப்பா! இனிமே ஒழுங்கா சம்சாரத்தைக் கோயிலுக்கு வரச் சொல்லு.”

“வந்தா எங்க நிக்கணும்யா?” என்று கேட்டேன். இந்தத் தடவை வாய்விட்டே கேட்டேன்.

வேட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

போன வாரம் மண்டலம் முடிந்தது. கிள்ளானுக்குப் போனவர்கள் வந்தார்கள். அஞ்சலையைப் பார்க்க எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். கடல் காற்றில் கொஞ்சம் கறுத்திருக்கிறார்கள். கொஞ்சம் சதை போட்டிருக்கிறார்கள். சுவரைப் பார்த்தோம், கஞ்சி குடித்தோம், மீன்காரனிடம் சண்டை போட்டோம் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள். ஒரு குறையும் இல்லையாம். எனக்கு முகம் விழுந்துபோயிற்று. வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று காப்பி போட நானே எழுந்தேன்.

குவளையை எடுத்து வைக்கும்போதுதான் எண்ணினேன். மூன்று.

போனது நாலு பேர்.

“ரத்தினம் அக்கா எங்க?” என்றாள் அஞ்சலை.

“அங்கயே இருந்துக்கிறேன்னுருச்சு. ரொம்ப சந்தோஷமா இருக்கு.”

“அக்காவே சொல்லிச்சா?”

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஐயா சொன்னாரு” என்றாள் ஒருத்தி.

சந்தோஷமாக இருக்கலாம். யாரும் இல்லாதவள், கடலோரம், மூன்று வேளைக் கஞ்சி, கல் கொட்ட வேண்டாம். இருக்கலாம்தானே? சொன்னது அவள் இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிள்ளான் போகிறோம். பார்க்க விடுவார்களா என்று தெரியாது. பார்த்தால் என்ன கேட்பது என்றும் எனக்குத் தெரியாது. அஞ்சலைக்குத் தெரியுமாம்.

போவதற்கு இரண்டு டிக்கெட் போதும் என்கிறாள். வருவதற்கு மூன்று.