அத்தாவின் அத்தர்ப் பெட்டி

அத்தா காலமான பின், விற்றுவிடலாமென்று கொண்டுபோன அவருடைய அத்தர்ப் பெட்டியைப் பழம்பொருள் மதிப்பிடுபவர் திறந்தார். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் சாலையை அகலப்படுத்த இடித்துவிட்ட எங்கள் கடை அப்படியே என்னைச் சூழ்ந்துகொண்டது: மல்லிகையும் சந்தனமும் கலந்த அரையிருட்டு, குப்பிகள் ஒன்றோடொன்று உரசும் சின்னச் சத்தம், வாடிக்கையாளர்களின் மணிக்கட்டுகளையெல்லாம் தொட்டுவிட்டுக் கடைசியில் என் காதுமடலுக்கு வந்துசேரும் ஈரப் பஞ்சு.

“ரொம்பப் பழைய கண்ணாடிம்மா. உள்ள இருக்கிற பிசுக்கக் கழுவிட்டா ஜாஸ்தி வெல போகும்,” என்றார்.

“கழுவ வேணாங்க,” என்று பெட்டியை மூடி வாங்கிக்கொண்டேன். அது இன்ன வாசனையென்று தெரிந்தவர்கள் வீட்டில் இப்போது என்னைத் தவிர யாருமில்லை.

திரும்பும்போது, ஷேர் ஆட்டோவில் பக்கத்திலிருந்த பெண் என் மடியை நோக்கிக் குனிந்தாள்.

“நல்லா மணக்குது. இன்னாக்கா இது?”

“எங்க கடைம்மா,” என்றேன்.